உப்புப் பாட்டைக் கவிழ்த்தவன்

பதினைந்து வருடமாக ஒருவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கலியாண வீட்டில் கேட்கிறான், செத்த வீட்டில் கேட்கிறான், ஒருமுறை வங்கி வரிசையில் நின்றபடியே கேட்டான். தவறு செய்தவன் நான். நான் திருந்திவிட்டதால் இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அவன் பெயர் நிரோசன். அக்கராயன் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்பிள்ளைகள் பாட்டுக்குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். அதில் பாடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நிரோசன், மற்றவன் நான் என்பது என் சொந்த அபிப்பிராயம். போட்டிக்காகச் சங்கீத ரீச்சர் ஆனையிறவு உப்பைப் பற்றித் தானே ஒரு பாட்டு எழுதியிருந்தார். (ஏன் உப்பு என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.) பாட்டுத் தொடங்குமுன் ஒருவன் மட்டும் தனியே விருத்தம் பாட வேண்டும். அந்த ஒருவன் யார் என்பதில் எங்கள் இருவருக்கும் மூன்று மாத இழுபறி. பின்னேரம் குளத்தில் ஒன்றாகக் குளிப்போம்; காலையில் ஒருவன் இருமினால் மற்றவனுக்குச் சந்தோசம்.

எனக்குப் பதின்மூன்று வயது. குரல் உடையத் தொடங்கியிருந்தது. அது ரீச்சருக்குத் தெரிந்திருந்தது, எங்கள் வீட்டு ஆடுகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியவில்லை. "விருத்தம் நிரோசன் பாடட்டும்" என்று ரீச்சர் முடிவு சொல்லிவிட்டார். நானோ அதற்கு ஒரு கிழமை முன்பே, "நான்தான் தனியப் பாடுறன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா அதை எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தார்.

போட்டி பளையில். அம்மா உளுந்து வடை சுட்டுக்கொண்டு எங்களோடு பஸ்ஸில் ஏறிவிட்டார். ஆனையிறவு தாண்டும்போது நிரோசனிடம் இரண்டு வடையை நீட்டினார்.

"தம்பி, இவன் தனியப் பாடி முடிய நீங்கள் எல்லாரும் வடிவாச் சேர்ந்து பாடோணும், என்ன?"

முன் சீற்றில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். நிரோசன் வடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஓம் அன்ரி" என்றான். வடையை வாங்கிக் கடித்தான்.

நல்ல பிள்ளையாக இருந்தால் அந்த இடத்திலேயே அவனுக்கு நன்றி சொல்லியிருப்பேன். நான் யோசித்ததோ வேறு. இவன் மேடையில் விருத்தம் பாடினால் என் பொய் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே இவன் பாடக் கூடாது.

எங்கள் முறை வருவதற்குக் கொஞ்சம் முன் ரீச்சர் பிளேன்ரீ குடிக்கப் போனார். சுருதிப்பெட்டி கதிரையில் தனியே இருந்தது. ஐந்து கட்டையில் நின்ற குமிழைத் திருகி ஏழில் விட்டேன். (சங்கீதம் தெரியாதவர்களுக்காக: ஏணியில் ஏறிப் பழகியவனைத் தென்னையில் ஏறச் சொல்வது போன்றது.) திட்டம் மிகச் சுலபம். நிரோசன் முதல் வரியிலேயே திணறி நிற்பான், நான் பாய்ந்து விருத்தத்தைப் பிடிப்பேன், அம்மா ஆனந்தக் கண்ணீர் விடுவார். அந்த உயரம் எனக்கும் எட்டாது என்ற சின்ன விசயம் திட்டத்தில் விடுபட்டுப் போயிற்று.

போட்டி விதிப்படி ஆசிரியர்கள் மேடைக்கு வர முடியாது. ஒன்பது பேரும் வரிசையாக நின்றோம். வரிசையின் கடைசியில் நின்றவன் சுருதிப்பெட்டியைப் போட்டான். கீழே முன்வரிசையில் அம்மா. நிரோசன் மைக்குக்குப் போகாமல் என் பக்கம் சாய்ந்தான்.

"மச்சான், எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. நீ எடு."

"என்ன?"

"நீ பாடடா. அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா."

அவன் தொண்டைக்கு ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்தான் மண்டப வாசலில் மணிபோலப் பாடிக் காட்டியிருந்தான். எனக்கு அழுகை வந்தது. ஓடிப்போய்க் குமிழை இறக்கியிருக்கலாம். இறக்கினால், ஏற்றியது யார் என்ற கேள்வி வரும். மைக்குக்கு முன்னால் போய் வாயைத் திறந்தேன்.

"உப்பே" என்பதுதான் முதற்சொல். "உ" வந்தது. மீதி வரவில்லை. அதற்குப் பதிலாக வந்த சத்தத்தைக் கேட்டு ஒருவர் எழுந்து வந்து மைக் வயரை ஆட்டிப் பார்த்தார். மறுபடி தொடங்கினேன். இம்முறை ஒரே தொண்டையிலிருந்து இரண்டு பேர் பாடினார்கள். இரண்டு பேரும் எனக்கு அறிமுகமில்லை. பின்னால் நின்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு உயரத்தில் பல்லவியை எடுத்தார்கள். ரீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். முடிந்ததும் அம்மா மட்டும் கைதட்டினார். நடுவர்களில் ஒருவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

ஏழில் நின்ற குமிழைக் கண்ட ரீச்சர், பஸ் குலுக்கத்தில் திரும்பியிருக்கும் என்று ரோட்டைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

வீடு திரும்பும்போது நிரோசன் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். "என்னாலதான் மச்சான். கடைசி நேரத்தில உன்னை மாட்டிவிட்டிட்டன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருந்தன்மையோடு மன்னித்தேன். அன்றிலிருந்து மன்னித்துக்கொண்டே இருக்கிறேன்.

போன மாதம் அவனுடைய புது வீட்டில் குடிபூரல். சாப்பாட்டுக்கு இருந்த முழுச் சனத்துக்கும் முன்னால் பழையபடி தொடங்கினான். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"டேய், சுருதிப்பெட்டியைத் திருகினது நான்தானடா. நீ பாடக்கூடாதெண்டு திருகினனான்."

பந்தி முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. நிரோசனுக்குக் கண் கலங்கியது.

"பாத்தியளோ? என்ர மனம் நோகக்கூடாதெண்டு பழியைத் தன்ர தலையில போடுறான்!"

"என்ர பிள்ளை சின்னனிலயிருந்தே அப்பிடித்தான்" என்று அம்மா மூக்கைச் சிந்தினார். யாரோ என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்கள். இப்போது இரண்டு குடும்பத்திலும் இந்தப் புதிய கதைதான் ஓடுகிறது. அதில் நான் தியாகி.

வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்:

"நீங்கள்தானே திருகினது?"

"ஓம்."

"எனக்குத் தெரியும்."

உலகத்தில் என்னை நம்பிய ஒரே ஆள் அவள்தான். அதனால் இப்போது வீட்டில் மின்விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும், அவள் முதலில் பார்ப்பது என் கையை.