மலை மேல் இருந்த மேடம்

செஞ்சிக் கோட்டையைக்கூட எத்தனையோ பேர் பிடித்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் ‘நெசமாவா’ மேடத்தைத் தாண்டி ஒரு பொய்யான வரி போனதே கிடையாது.

விவசாயிகள் வீட்டிலிருந்தே வயல் மோட்டாரைப் போட்டு நிறுத்த ஒரு பெட்டி செய்து விற்றோம். அந்தப் பெட்டியும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும். அதன் கையேட்டில் யார் எதைத் திருத்தினாலும் மேடம் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “நெசமாவா?” டீ சூடாக இருக்கிறது என்று சொன்ன டீக்கடைக்காரரிடமும் கேட்டார். அவர் மிரண்டுபோய், தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

நான் நாற்பது வயதுக்கு மேல் வேலை மாறி வந்தவன். என் முதல் திருத்தம் தேறினால்தான் வேலை நிரந்தரம். விஷயம், ‘கீப் அலைவ்’ என்றொரு வசதி. எதிர்முனையில் இருக்கும் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் கேட்டுப் பார்க்கும். ‘இதைப் போட்டுவிட்டால், எதிர்முனை போன உடனே தெரிந்துவிடும்’ என்று எழுதினேன்.

“நெசமாவா சார்?”

“எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க.”

“எல்லாரும் கெடக்கட்டும். நீங்க பாத்தீங்களா?”

மறுநாள் காலையில் லேப்டாப்பும் குடையுமாக மேடம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறக் கிளம்பிவிட்டார்.

“இந்த லேப்டாப்புதான் பெட்டின்னு வச்சிக்குங்க. பாறை மறைவுல சிக்னல் செத்துடும். வயக்காட்டுலயும் அப்டித்தான சாவுது? செத்ததும் லேப்டாப்ப ஆஃப் பண்ணிட்டு எறங்கிடுவேன். நீங்க ஸ்கிரீனைப் பாத்துனு இருங்க.”

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “சார், சிக்னல் போவுது, போவு...” அதோடு சரி.

திரையைப் பார்த்தேன். ‘இணைப்பு உள்ளது.’ டீ வந்தது, ஆறியது. உள்ளது. முதலாளி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். “இன்னா சார், உடனேன்னு எழுதினீங்க?” கர்ச்சீப்பால் திரையைத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் உள்ளது.

கதவு திறந்தது. குரங்கு கிழித்த குடையோடு மேடம் வந்து என் எதிரில் நின்றார்.

“நான் இங்க நிக்குறேன். உங்க மெஷினு இன்னா சொல்லுது?”

“நீங்க... இன்னும் மலை மேல இருக்கீங்கன்னுது மேடம்.”

“நெசமாவா?”

ஆபீஸே சிரித்தது. நான் மட்டும் ‘வேலை போச்சு’ என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேடமும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து, என்னோடு சேர்ந்து திரையைப் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து வெகுநேரம் கழித்து, சிக்னல் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் ‘இணைப்பு இல்லை’ என்று வந்தது.

“வேலையா சார் போச்சு? ஒரு வரிதான போச்சு. பாத்ததை எழுதுங்க.”

எழுதினேன்: ‘எதிர்முனை சத்தமில்லாமல் போனால் உடனே தெரியாது. காத்திருக்கும் நேரத்தை நாமே குறைத்து வைக்காவிட்டால், இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் கம்ப்யூட்டர் கேட்கவே தொடங்கும்.’

மேடம் படித்தார். பிறகு, அவர் வாயில் அதுவரை யாருமே கேட்டிராத ஒரு சொல் வந்தது.

“நெசம்.”

அன்றைக்கே என் வேலை நிரந்தரமானது.

மேடம் பெங்களூருக்குப் போய் வெகுநாளாகிறது. ஆனாலும் ஒரு வரி எழுதி முடித்தால், கிழிந்த குடையோடு அவர் எதிரில் நிற்பதாகவே என் மனசு, அந்தத் திரையைப் போல, காட்டுகிறது. இந்தத் தவறை மட்டும் நான் திருத்தப் போவதில்லை.