கொட்டாவி விட்ட பிடி

மாரீஸ்வரனுக்குக் கராத்தே மேல் எந்தப் பகையும் கிடையாது. கராத்தேக்குத்தான் அவன் மேல் என்னவோ கோபம். இல்லாவிட்டால் போடிநாயக்கனூரில் இத்தனை தொடைகள் இருக்க, ஏலக்காய் ஸ்டோரில் நாளெல்லாம் நின்று ரகம் பிரித்துவிட்டு அக்கடா என்று வீடு திரும்பிய ஓர் அப்பாவியின் தொடையைத் தேடி வந்து உதைக்குமா?

உதைத்தது அவன் மனைவி பாண்டீஸ்வரி. மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு. அவளைக் குறை சொல்லவும் முடியாது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ரகளை செய்த குடிகாரன் ஒருவனைப் பிடிக்கப் போனாள். அவன் முறுக்கிய முறுக்கில் மணிக்கட்டு வீங்கி, பல நாள் கரண்டியால்தான் சாப்பிட்டாள். மாரீஸ்வரன்தான் தலை பின்னிவிட்டான். அந்தக் கோணல் பின்னலைப் பார்த்து ஸ்டேஷனே சிரித்ததாம். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீங்கிய அந்தக் கையை நினைத்து, அடுப்படியில் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் ஒருமூச்சு அழுது தீர்த்தான்.

அப்புறம்தான் மேலிடத்து உத்தரவு வந்தது. ஆளுக்கொரு தற்காப்புக் கலை கற்றுக்கொள்ள வேண்டும். எதுவென்று அவரவரே முடிவு செய்யலாம். வாத்தியாரைத் துறை ஏற்பாடு செய்யும். ரோட்டில் உதவுகிற கலையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

"ரோட்டுல எது உதவும்னு எப்படிப் புள்ள கண்டுபிடிப்ப?" என்று வெள்ளந்தியாகக் கேட்டான் மாரீஸ்வரன்.

"ஒவ்வொண்ணாச் செஞ்சு பாக்க வேண்டியதுதான் மாமா."

"யார் மேல?"

பாண்டீஸ்வரி பாயை எடுத்து விரித்தாள்.

தற்காப்பு என்றால் தன்னைக் காப்பது. அவள் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகும்போது அவனை யார் காப்பது என்பது பற்றி உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. முதலில் கராத்தே. அது தொடையோடு போயிற்று. "காலைத் தூக்கி உதைக்கிறதுக்குள்ள பேண்ட்டுத் தையல் விட்டுருது. ரோட்டுல மானம் போயிரும்" என்று அவளே அதைத் தள்ளிவிட்டாள். அடுத்து ஜூடோ. அன்றைக்குக் கேட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பு சத்தம்?"

"ஜூடோ அத்தை."

"சூடாவா? எதும் கொட்டிருச்சா?"

"நான்தான் கொட்டிட்டேன்."

ஜூடோவையும் பாண்டீஸ்வரி ஒதுக்கினாள். "கோட்டுப் போட்டவனைக் கொத்தாப் பிடிச்சு எறியலாம். நம்ம ஊர்ல வம்புக்கு வர்றவன் சட்டையே போடுறதில்ல. எதைப் பிடிக்க?" சிலம்பம் ஒரே சுற்றில் மின்விசிறியின் ஓர் இறக்கையைக் கழற்றியது. "அருமையான கலைதான். ஆனா பஸ்சுக்குள்ள கம்பு சுத்துனா குடிகாரனுக்கு முன்னாடி கண்டக்டருதான் விழுவாரு" என்று கம்பை மூலையில் சாத்தினாள்.

மிச்சம் நின்றவை இரண்டு. பிடிவரிசை ஒன்று, வர்மம் ஒன்று.

பிடிவரிசை நம்ம ஊர்க் கலைதான். எதிராளியின் விரலோ மணிக்கட்டோ கையில் சிக்கினால் போதும், மூட்டைப் பூட்டிப் போட்டுவிடலாம். பேச்சில் பிடி கொடுக்காமல் நழுவுவதில் மாரீஸ்வரனுக்குப் போடியிலேயே நல்ல பெயர். அன்று பேச்சுக்கு வேலை இல்லை. பாண்டீஸ்வரி அவன் கட்டைவிரலை மட்டும் பிடித்தாள். லேசாகத் திருப்பினாள். போடிமெட்டுக்குப் போகும் மலைப்பாதையில் உள்ள கொண்டை ஊசி வளைவு அத்தனையும் ஒரே நேரத்தில் அவன் தோளுக்குள் ஏறின.

கத்துவதற்கு வாயைத் திறந்தான். திறந்த வாயோடு ஒரு யோசனை பளிச்சிட்டது. கத்தினால் இதைத்தான் எடுப்பாள். எடுத்தால் தினமும் பழகுவாள். அவள் ரிட்டையராகிற வரைக்கும் பழகுவாள். ஸ்டோரில் ஏலம் ஏலம் என்று பேசிப் பேசிக் கிடக்கிறவனுக்கு இது ஏலாது.

திறந்த வாயை அப்படியே கொட்டாவியாக மாற்றினான்.

"வலிக்குதா மாமா?"

"எது? ஆரம்பிச்சிட்டியா?"

"இப்ப?"

"ஆ...வ். தூக்கம் வருது புள்ள. சோறு போடு."

கண்ணில் நீர் கட்டி நின்றது. கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் வருவது சகஜம்தானே என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான். அடுத்த இரண்டு நாள் அவனால் அந்தக் கையைச் சட்டைக்குள் விட முடியவில்லை. வெக்கையாக இருக்கிறது என்று சொல்லித் துண்டோடு திரிந்தான்.

மறுநாள் வர்மம். முறையாக ஓர் ஆசானிடம் பல வருசம் கிடந்து படிக்க வேண்டிய வித்தை அது. பாண்டீஸ்வரி படித்தது போனில், பஸ்சுக்குக் காத்திருந்த நேரத்தில். அவன் காதுக்குக் கீழே இரண்டு விரலால் தொட்டாள். கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாரீஸ்வரன் "ஆத்தாடீ!" என்று அலறிக்கொண்டு பாயில் சரிந்தான். ஒரு காலை மட்டும் துடிக்க விட்டான். நாக்கை எந்தப் பக்கம் தள்ளுவது என்று சின்னக் குழப்பம். இடது பக்கம் தள்ளினான்.

பாண்டீஸ்வரி குனிந்து அவனையே சற்று நேரம் பார்த்தாள். "அம்புட்டு வலியா மாமா?"

"உசுரு போயி, முந்தல் செக்போஸ்ட் வரைக்கும் நடந்து, திரும்பி வந்திருக்கு புள்ள."

"அப்ப இதுக்கே பேர் குடுத்துர்றேன்."

அவள் கோழிக்குழம்பு வைத்தால் எப்படிச் சாப்பிடுவானோ அப்படிச் சாப்பிட்டான் அன்றைக்கு வெறும் ரசத்தை. அதற்குப் பிறகு அவன் சாயங்காலங்கள் சொர்க்கமாயின. அவள் விரலை நீட்டுவாள். இவன் விழுவான். விழுவதிலும் கைதேர்ந்துவிட்டான். ஒருநாள் சுவரோரமாகச் சறுக்கினான். ஒருநாள் தட்டாமாலை சுற்றி, தலையணை இருக்கும் இடமாகப் பார்த்து விழுந்தான்.

எல்லாம் ஒரு புதன்கிழமை மத்தியானம் வரைக்கும்தான்.

ஸ்டோர் வாசலில் மூட்டை இறக்க வந்த ஜீப்பு டிரைவர் காமராஜ் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான். "மாப்ளே, ஒன் வீட்டம்மா குரங்கணிக்குப் போகுது. வழியில பாத்தேன். வீரணனைத் தூக்கப் போறாங்களாம்."

மாரீஸ்வரன் கையிலிருந்த சல்லடை நழுவியது. வீரணன் மலையடிவாரத்துக் குரங்கணியில் லோடு ஏற்றுகிறவன். ஆளுக்கொரு மூட்டை தூக்கும் இடத்தில் தோளுக்கொன்றாக இரண்டு தூக்குவான். குடித்துவிட்டான் என்றால் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஜீப்பில் ஏறவிடாமல் கையைப் பிடித்து இழுப்பான். பெண்கள் சேர்ந்து புகார் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே அவனைக் கூப்பிடப் போன ஆண் போலீஸ்காரர்கள் பட்டன் இல்லாத சட்டையோடு திரும்பி வந்திருந்தார்கள்.

போனைப் போட்டான்.

"பாண்டி! நீ போகாத புள்ள!"

"பாதி வழி வந்தாச்சு மாமா. ஏன் பதறுறீங்க? வர்மம் இருக்குல்ல?"

"அவன் மலைமாடு மாதிரி இருப்பான்!"

"நீங்களே ஒரு தொடுக்கு விழுறீங்க. அவனுக்கு வேணா ரெண்டு தடவை தொட்டுக்கிறேன். வச்சிர்றேன், டவரு..."

லைன் அறுந்தது. மறுபடி போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாள் என்றது. கரண்டி பிடித்துச் சாப்பிட்ட அந்தக் கைதான் கண்முன் வந்து நின்றது. அந்தக் கையை வீரணனின் காதுக்குக் கீழே நீட்டச் சொல்லி அனுப்பி வைத்தவன் யார்? தட்டாமாலை சுற்றி விழுந்த மகானுபாவன்தான்.

"எங்கடா போற? லோடு நிக்குது!" என்று முதலாளி கத்தியது அவன் காதில் ஏறவே இல்லை. வண்டியை முறுக்கினான்.

மலையடிவாரச் சாலையில் அவன் அன்று வேண்டாத சாமி இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பொங்கல் நேர்ந்தான். எதிரே வந்த ஜீப்பு ஒன்று ஒதுங்கி நின்று, "யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று ஏசியது. வீட்டில் சொல்லாததுதானே வினை! வலித்ததை வலித்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் ஏலக்காய் பிரித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான். "நெசத்தைச் சொல்லிர்றேன் சாமி. அவ கை காலு முழுசா இருந்தாப் போதும். எம் மூட்டு எக்கேடு கெட்டாலும் பரவால்ல" என்று வாய்விட்டே சொன்னான்.

குரங்கணி ஜீப்பு ஸ்டாண்டில் ஒரே கூட்டம். போலீஸ் ஜீப்பு காலியாக நின்றது. டீக்கடைக்குப் பின்பக்கம் எல்லாருடைய தலையும் திரும்பியிருந்தது. மாரீஸ்வரன் வண்டியைக் கீழே போட்டுவிட்டு, இருந்த மூச்சை எல்லாம் கூட்டிக் கத்தினான்.

"ஏ பாண்டி! விரலை நீட்டாத! அது சோலிக்கு ஆகாது! நான் நடிச்சேன்! வர்மம் துளிகூட வலிக்கல! நாக்கை நானாத்தான் தள்ளுனேன்! கொட்டாவி விட்டேன்ல, அந்தப் பிடிதான் நெசமா வலிச்சுச்சு! ரெண்டு நாளு சட்டை போட முடியல! அதைப் போடு! வெரசாப் போடு!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தூக்கிய குவளையை இறக்கவில்லை.

கூட்டம் விலகியது. பாண்டீஸ்வரி நிதானமாக நடந்து வந்தாள். இடது கையில் டீ கிளாஸ். வலது கையில் வீரணனின் கட்டைவிரல். விரலுக்குப் பின்னால் முழு வீரணனும் நுனிக்காலில் நடந்து வந்தான். சத்தமே இல்லை. வாய் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது. கண்ணில் நீர் கட்டி நின்றது.

மாரீஸ்வரனுக்கு அந்த முகம் ரொம்பப் பழக்கமான முகமாகத் தெரிந்தது.

அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். கை நேராக இருந்தது. பின்னல் கலையவில்லை. டீகூடச் சிந்தவில்லை. "அப்பாடா!" என்று புழுதியிலேயே உட்கார்ந்தான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பெரிய மூட்டை ஒன்றை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வெட்கம் மானம் எல்லாம் அப்புறம். முதலில் மூச்சு விட்டான்.

"இது... இது பிடிவரிசைல்ல?"

"ஆமா மாமா. பேர் குடுக்கும்போதே இதுக்குத்தான் குடுத்தேன். தினமும் காலைல கிரவுண்டுல மாஸ்டர்கிட்டப் பழகுறேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் கொட்டாவில்ல விட்டேன்!"

"என் சோலியே அதுதானே மாமா. ஸ்டேஷனுக்கு வந்து ஊரைக் கூட்டிக் கத்துறவங்க கட்டைப் பிரிச்சுப் பாத்தா, பாதிப் பேருக்கு ஒரு கீறல் இருக்காது. நெசமா அடிபட்ட பொம்பள, 'ஒண்ணுமில்லம்மா, படியில வழுக்கி விழுந்துட்டேன்'ம்பா. கண்ணு மட்டும் கலங்கி நிக்கும். கொட்டாவிக்கும் கண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருசம் காக்கி போட்டிருக்கேன்?"

"அப்ப எதுக்குடி தினமும் சாயங்காலம் என் காதைத் தொட்ட?"

"டிவி ரிப்பேரா இருந்துச்சு. நீங்க விழுறதைப் பாத்தா நல்லாப் பொழுது போச்சு."

ஸ்டாண்டு குலுங்கிச் சிரித்தது. மாரீஸ்வரனும் சிரித்தான். சிரிக்காமல் வேறென்ன செய்ய? பாண்டீஸ்வரி வீரணனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்தாள். திரும்பி வந்து கிளாஸைத் திண்டில் வைத்துவிட்டுக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். "உங்களுக்கு வலிக்கும்னு பயந்து பொய் சொன்னீங்க. எனக்கு வலிச்சிரும்னு பயந்து இம்புட்டுத் தூரம் ஓடியாந்து, ஊர் முன்னாடி நெசத்தைச் சொன்னீங்க. அது போதும் மாமா எனக்கு."

"இனிமே ஒங்கிட்டப் பொய்யே சொல்ல மாட்டேன் பாண்டி. நீ நல்லா இருந்தாச் சரி. எந்தப் பிடி வேணும்னாலும் எம் மேல போட்டுப் பழகிக்க" என்று வீரமாக அறிவித்தான். சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அது அந்தப் பக்கம் நின்ற பெண் போலீஸ் பானுப்பிரியாவின் காதிலும் விழுந்தது.

"அக்கா, மாஸ்டரு வீட்டுலயும் ஒரு ஆளை வச்சுப் பழகச் சொல்றாரு. எனக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகலையே. அண்ணனைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துரு பானு. ஸ்டேஷன்ல யாருக்கெல்லாம் வேணுமோ அத்தனை பேரையும் கூட்டிட்டு வா. அண்ணன் வாயாலேயே சொல்லிட்டாருல்ல, எந்தப் பிடி வேணும்னாலும்னு."

"எப்பா, நான் ஒனக்கு மட்டுந்தான் புள்ள சொன்னேன்!"

"பொய்யே சொல்ல மாட்டேன்னீங்களே மாமா."

மாரீஸ்வரன் எழுந்து, உதவிக்கு யாராவது அகப்படுவார்களா என்று நாலாபக்கமும் பார்த்தான். டீக்கடைக்காரர் அவசரமாக அடுப்பைக் கவனித்தார். ஜீப்புக்காரர்கள் ஆளுக்கொரு டயரை உதைத்துப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே ஈரக்கண்ணோடு அவனைப் பார்த்தது ஒரே ஒரு ஜீவன். போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்த வீரணன், மெள்ள நகர்ந்து இடம் விட்டான்.

"ஏறிக்கங்கண்ணே, பாவம். எனக்காச்சும் ஜாமீன் கெடைக்கும்."