கம்பளத்துக்கு ஒரு குளியல்

கம்பளத்தின் குஞ்சத்தில் கால் விரல் சிக்கி வேல்முருகன் தடுமாறினான். கையிலிருந்த டீ முழுவதும் கம்பளத்தின் நட்டநடுவில் கொட்டியது.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சூரியநெல்லியிலிருந்த அந்தப் பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தாள் பாலக்காட்டு ஜானவி. வேல்முருகன் காவல், அவன் மனைவி இந்து சமையல். குடியிருப்பும் அங்கேயே. கூடத்தில் ஆக்ரா கம்பளத்தை விரித்த அன்றே ஜானவி சொல்லிவிட்டாள்: "நூறு வருஷத்துக் கம்பளம். இதைப் பாக்கத்தான் கெஸ்ட் வரப்போறா. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா வேலையை மறந்துடுங்கோ."

அவள் வர இன்னும் நாலு நாள் இருந்தது.

"எலுமிச்சம்பழத்தை வச்சுத் தேய்ங்க. கறை போயிரும்," என்றாள் இந்து.

தேய்த்தான். கறை போயிற்று. கூடவே சிவப்புச் சாயமும் போயிற்று. பூவேலைக்கு நடுவில் தோசை அளவுக்கு ஒரு வெளுத்த வட்டம்.

"டீத்தண்ணிய லேசா ஒத்தி எடுத்தா நெறம் சேந்துரும்லா," என்றான்.

ஒற்றினான். வட்டம் கறுத்தது.

"இப்ப அது மட்டும் தனியாத் தெரியுதே," என்றாள் இந்து.

"அப்ப மொத்தத்தையும் முக்கிர வேண்டியதுதான்."

தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் மச்சான் பொன்ராஜ் ஒரு மூட்டை டஸ்ட் தூள் கொடுத்தான். அண்டா கொதித்தது, கம்பளம் ஒரு பகல் முழுக்க ஊறியது. நனைந்ததை மூன்று பேரும் சேர்ந்து இழுத்துப்போய்த் தேயிலைச் செடிகள்மேல் விரித்தார்கள். காய்ந்தபின் எடுத்தபோது ஒரு பக்கத்துக் குஞ்சம் கிளைகளிலேயே தங்கிவிட்டது. பார்க்க ஒன்றுபோல இருக்கட்டும் என்று மறுபக்கக் குஞ்சத்தை இந்து கத்தரித்துவிட்டாள்.

நாலாம் நாள் ஜானவி வந்தாள். படுக்கையறைகளுக்கு இன்னும் இரண்டு பழங்கம்பளங்களைச் சுமந்துகொண்டு, இந்தக் கம்பளத்தை விற்ற கொச்சிக் கடையின் ஆள் ரிஜினும் கூடவே வந்தான்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

வேல்முருகனுக்குப் பொய் வராது. கொட்டிய டீயிலிருந்து கத்தரிக்கோல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"நூறு வருஷம் தாங்கினதை நாலு நாள்ல முடிச்சுட்டேள்," என்றாள் ஜானவி. கடை முதலாளியிடம் யோசனை கேட்கலாம் என்று, போனில் சிக்னல் தேடி வெளியே போனாள்.

இந்து பாத்திரங்களைக் கட்டப் போனாள். வேல்முருகன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

ரிஜின் குந்தி உட்கார்ந்தான். கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டினான், முகர்ந்தான், விரலால் சுரண்டிப் பார்த்தான். பிறகு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சேட்டா, எந்தத் தூள் போட்டீங்க? எங்க கடையில புதுக் கம்பளத்தைப் பத்து நாள் டீயில முக்கி வச்சாலும் நூறு வருஷந்தான் வருது, இதை இருநூறுன்னே சொல்லலாமே."