நாலாவது எலுமிச்சம்பழம்

அன்று காரில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். ஒன்று, நான். இரண்டு, என் மனைவி செல்வி. மூன்று, என் அம்மா. நான்கு, காரை ஓட்டியவனும் காருக்குச் சொந்தக்காரனுமான குமரன். செல்வியின் தம்பி, எனக்கு மச்சான். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் இப்போது எங்கள் சொந்தத்தில் குறைந்தது பதினைந்து பேர் இந்தக் கதையை, "நானும் அந்தக் கார்ல தான இருந்தேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். அத்தனை பேர் ஏறியிருந்தால் டயர் பஞ்சர் ஆகியிருக்காது, வெடித்தே இருக்கும்.

எனக்குக் கள்ளக்குறிச்சியில் பழைய சாக்குக் கடை. கிழிந்த சாக்கை வாங்கித் தைத்து விற்பது தொழில். படிப்பு ஒன்பதாவது. பத்தாவதில் பெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் ஒன்பதாவதோடு நின்றுகொண்டேன். (இதுவரை பெயிலானதே இல்லை.) பயப்படுவதில் மட்டும் நான் பெரிய பட்டதாரி. மழை வந்தால் சாக்கு நனையுமே என்று பயம், வராவிட்டால் விளைச்சல் இருக்காதே, சாக்கை யார் வாங்குவார்கள் என்று பயம்.

என் தங்கச்சி கலா கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறார். அவளுடைய வளைகாப்புக்கு நான் போன கதை ஏற்கெனவே எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். பாதி வழியில், வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம். பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. மறுபடி பஸ் ஏறினால், கேஸை அணைத்தோமா என்று சந்தேகம். நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பிட்ட இலையைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். "அண்ணன்காரன் லட்சணத்தப் பாரு" என்று அவள் மாமனார் சபையிலேயே சொன்னாராம். கலா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப் பிறந்த மாமன் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை, மலைமேல் மாரியம்மன் கோயில், பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். முதல் நாள் கலா போன் செய்தாள்.

"ண்ணா, எங்க மாமனாரு இன்னா சொல்றாருன்னா, இந்த வாட்டியும் நீ நேரத்துக்கு வரலன்னா அவரு பங்காளி யாரையாச்சும் ஒக்கார வெச்சு குத்திடுவாராம். அப்பால இந்த வூட்ல நான் தலை நிமிர முடியாதுண்ணா."

அன்று இரவு நான் தூங்கவில்லை. அதற்கு முந்தைய ஒரு வாரமும் தூங்கியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். கடையில் என் கோணி ஊசியின் முனை ஒன்றரை அங்குலம் உடைந்து காணாமல் போயிருந்தது. எந்தச் சாக்கில் மாட்டிக்கொண்டதோ, யார் வீட்டு அரிசியில் கிடக்கிறதோ, எந்தப் பிள்ளை வாயில் போகப்போகிறதோ என்று சாக்கு வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்து, அவர்கள் மூட்டைகளை உதறிப் பார்த்தேன். இரண்டு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஊசி முனை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சீர் சாமான்களை எல்லாம் சாக்குப் பையில் போட்டு வாயைத் தைத்து (வழியில் கொட்டிவிட்டால்?) காரின் டிக்கியில் ஏற்றினேன். புறப்படுவதற்கு முன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். அதற்காக நான்கு பழம் வாங்கி வைத்திருந்தேன். எடுத்தால் மூன்றுதான் இருந்தது.

"நீ ராத்திரி பூரா நடந்துக்கினே இருந்தியா, அதப் பாத்து எனக்குத் தலய சுத்திச்சு. ஒண்ணு பிழிஞ்சு குடிச்சிட்டேன்" என்றாள் அம்மா.

மூன்று சக்கரத்துக்கு மட்டும் பாதுகாப்பு கொடுத்துவிட்டு மலை ஏற முடியுமா? ஓடிப்போய்க் கடை வாசலில் கட்டியிருந்த திருஷ்டிச் சரத்திலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து வந்தேன். அது போன வாரம் என் கையால் கோத்த சரம். கொஞ்சம் காய்ந்திருந்தது. குங்குமம் தடவி, பின்பக்க இடது சக்கரத்தின் கீழே வைத்தேன். குமரன் வண்டியை எடுத்தான். நான்கும் நசுங்கின. என் நெஞ்சிலிருந்து கொஞ்சம் பாரம் இறங்கியது.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி நாலைந்து வளைவு திரும்பியிருப்போம். வண்டி இடது பக்கமாக இழுத்தது. குமரன் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தான்.

"மாமா, பின்னால டயரு பஞ்சரு."

"எந்தப் பக்கம்?"

"லெப்ட்டு."

அந்தச் சக்கரத்துக்குப் பழைய பழத்தை வைத்ததால் சாமி கோபித்துக்கொண்டது என்றுதான் அப்போது நினைத்தேன். மணி எட்டே முக்கால். போனில் டவர் இல்லை.

"ஸ்டெப்னி கீது மாமா, பத்து நிமிஷ வேல" என்றான் குமரன். ஸ்டெப்னி இருந்தது உண்மை. ஆனால் சீர் மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. பதினோரு மூட்டைகளையும் இறக்கி ரோட்டோரம் அடுக்கினோம். வாழைத்தார் மட்டும் தைக்காமல் வந்திருந்தது. அதிலிருந்து ஒரு குரங்கு இரண்டு சீப்பைக் கிள்ளிக்கொண்டு போய்ப் பாறைமேல் உட்கார்ந்து, எங்கள் வேலையை மேற்பார்வை பார்த்தது. குமரன் ஸ்டெப்னியை வெளியே எடுத்து விரலால் அழுத்தினான். ஊறவைத்த அப்பளம் மாதிரி உள்ளே போனது.

"வாங்கினதுல இருந்து இத எப்பனா பாத்தியாடா?" என்றாள் செல்வி.

"பஞ்சரே ஆகலியேக்கா, எதுக்குப் பாக்கணும்?"

அதன் பிறகு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். எங்கள் அப்பா ஒருமுறை சைக்கிள் டயருக்குள் வைக்கோலை அடைத்து ஓட்டினார், இதற்கும் புல் அறுத்து அடைக்கலாம் என்றாள் அம்மா. காற்று அடித்தால் கொஞ்ச தூரம் போகும், ஆனால் பம்ப் வீட்டில் இருக்கிறது என்றான் குமரன். எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. பையிலிருந்து புதுக் கோணி ஊசியையும் சணல் நூலையும் எடுத்தேன்.

"தச்சிடலாமா?"

"மாமா, இது சாக்கு இல்ல" என்றான் குமரன், ரொம்பப் பொறுமையாக.

ஒன்பது மணிக்கு வெள்ளிமலை பஸ் வந்தது. நடத்துனர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாமன் மட்டும் ஏறுங்க, கொண்டுபோய் உட்டுடறேன்" என்றார். நான் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சீர் இல்லாம வெறுங்கையோட போற மாமன மடியில ஒக்கார வெப்பாங்களாடா? வாசல்லியே நிக்க வெச்சு சிரிப்பாங்க."

பஸ்ஸில் ஏற்கெனவே ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மூட்டைக்கு இடமில்லை. "மேல பஞ்சர் கடையில சொல்லி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு நடத்துனர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

அங்கேதான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். பயந்தவனுக்குக் கோபம் வந்தால் வாய் நீளும். நடு ரோட்டில் நின்று, மலையைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்தினேன்.

"ரோட்டுல ஆணி போட்ட பாவி எவனா இருந்தாலும் செரி, என் கையில சிக்கட்டும்! ஆயிரம் ரூபா அபராதம் வாங்கி, எங்க யாழினி உண்டியல்ல போட வெக்கல, நான் மாமன் இல்ல! மாரியாத்தா மேல சத்தியம்!"

"சும்மா இருங்க, ரோட்டுல போறவங்க பாக்கறாங்க" என்றாள் செல்வி. ரோட்டில் யாரும் போகவில்லை. குரங்குதான் பார்த்தது.

ஒன்பதே முக்காலுக்கு மேலே இருந்து ஒரு மொபெட் இறங்கி வந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, முன்னால் ஒரு சாமான் பை. பெயர் மல்லிகாவாம். பஞ்சர் கடை அவருடையதுதான்.

"காதுகுத்து மாமன் யாரு?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "பஸ்ஸே உங்களப் பத்திதான் பேசிக்கினு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, டயரில் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஓர் இடத்தில் நுரை முட்டை முட்டையாகக் கிளம்பியது. உள்ளே ஏதோ இரும்பு மின்னியது. குமரன் அதைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

"கைய எடு தம்பி. அதுதான் இவ்ளோ தூரம் மூடி மாதிரி காத்தத் தடுத்துக்கினு வந்துகீது. சும்மா புடுங்கினா மொத்தமும் போயிடும்." பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு வழி கீதுங்கண்ணா. அத அப்டியே வுட்டுட்டு காத்து அடிச்சா மெதுவா மேல போயிடலாம், ஆனா நடுவுல எறங்கினாலும் எறங்கிடும். இல்லன்னா புடுங்கிட்டு ஓட்டையில ரப்பர் திரி சொருகித் தரேன். அதுவும் தற்காலிகந்தான், சாயங்காலம் கடைக்கு வந்து உள்பக்கம் ஒட்டு போட்டுக்கணும். எது செய்ய?"

இரண்டு வழி இருந்தால் இரண்டுக்கும் பயப்படுகிறவன் நான். செல்வி முந்திக்கொண்டாள். "திரி சொருகுங்கக்கா. இவர கேட்டா ராகு காலமே முடிஞ்சிடும்."

மல்லிகா குறடால் இழுத்தார். வெளியே வந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றரை அங்குலம், தட்டையான முனை, லேசான வளைவு. மேலே ஒட்டிக்கொண்டு துளி மஞ்சள் தோல்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. ஒரு வாரத் தூக்கம் மொத்தமும் ஒரே நொடியில் திரும்பி வந்தது. யார் அரிசியிலும் இல்லை, எந்தப் பிள்ளை வாயிலும் இல்லை!

"கெடச்சிடுச்சு!" என்று கத்தினேன். "செல்வி! என் ஊசி மொன கெடச்சிடுச்சு! மாரியாத்தா, காப்பாத்திட்டடி தாயே!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எதைச் சொன்னேன் என்பது எனக்கே மெதுவாகத்தான் புரிந்தது.

"அதுல குங்குமம் ஒட்டிக்கினு கீதே மாமா" என்றான் குமரன்.

பழத்தைச் சரத்தில் கோக்கும்போதுதான் முனை உள்ளேயே உடைந்திருக்கிறது. அதைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்து, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் நானே வைத்திருக்கிறேன். நான் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை ரொம்ப அழகாக இருந்தது.

"அப்ப நான் குடிச்ச பழம்?" என்றாள் அம்மா, வயிற்றைத் தடவிக்கொண்டே.

"அது கடையில வாங்கினது அத்த, பயப்படாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் செல்விக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அதோடு எல்லோரும் உடைந்தார்கள். மல்லிகா சிரித்துக்கொண்டே திரியைச் சொருகி, நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டி, மொபெட்டில் கட்டி வந்த பம்பால் காற்று அடித்தார். மறுபடி சோப்புத் தண்ணீர் ஊற்றினார். நுரை வரவில்லை. கூலியைச் செல்வி அங்கேயே கொடுத்துவிட்டாள். மூட்டைகளை ஏற்றும்போது மணி பத்து.

குமரன் ஓட்டினான். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பத்தே காலுக்குக் கோயில் வாசல். கலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றாள். அவள் மாமனார் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு பங்காளி வேட்டியை மடித்துக் கட்டித் தயாராகவே இருந்தார். கார் நின்றதும் கலா ஓடி வந்தாள். குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மடியில் யாழினி. காது குத்தும் பத்தர் கம்மலோடு முன்னால் வந்தார். அதன் கூர் முனையைப் பார்த்ததும், அன்று காலையிலிருந்து எனக்கும் கூர் முனைக்கும் நடந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "ஐயோ" என்று அலறினேன். குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆச்சரியத்தில், குத்தியது அதற்குத் தெரியவே இல்லை.

"யோவ், கொழந்தக்குதான் குத்தினேன்" என்றார் பத்தர்.

அதற்குள் குமரன் விஷயத்தைச் சபையில் போட்டு உடைத்துவிட்டிருந்தான். கலாவின் மாமனார் என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்றேன். மனுஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள்.

"மாமன்னா இப்டி இருக்கணும்யா. நேரத்துக்கும் வந்தாரு, ஊசியும் கையோட கொண்டாந்துட்டாரு" என்றவர், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலாவும் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் தலை அன்றைக்கு நிமிர்ந்தது, இன்றுவரை குனியவில்லை. குனிந்தது என் தலை மட்டும்தான். அது பழகிய தலை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பந்தியில் செல்வி, நான் மாரியாத்தா மேல் செய்த சத்தியத்தை எடுத்துக் கொடுத்தாள். ஆணி போட்ட பாவி சிக்கிவிட்டான், அபராதம் எங்கே என்று கேட்டாள். பையில் இருந்ததை எடுத்து மொத்தமாகக் கொடுக்கப் போனேன். கலாவின் மாமனார் தடுத்துவிட்டார். ஒரேயடியாகக் கட்டினால் ஊர் மறந்துவிடும், ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஐம்பது ரூபாய், சபையில் எல்லோருக்கும் முன்னால், காரணத்தையும் சொல்லித்தான் உண்டியலில் போட வேண்டும் என்று தீர்ப்பு.

யாழினி இப்போது இரண்டாம் வகுப்பு. கழித்தல் கணக்கை அவள் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, என்னிடம்தான் கற்றாள். போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உண்டியலோடு எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, ஊசிக் காசு."

போட்டேன். கதையையும் சொன்னேன். இதுவரை எட்டு விசேஷம் ஆகியிருக்கிறது. பாக்கி அறுநூறு ரூபாய்.