மாமி வீட்டிலிருந்து ஓடிய மாப்பிள்ளை

இந்த வயது வரை ஓட்டத்தில் நான் ஒரே ஒரு ஆளைத்தான் முந்தியிருக்கிறேன். அது என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா. அன்றைக்கு அவருக்கு அறுபத்திரண்டு வயது, வலது முழங்காலில் வருத்தம், ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. அப்படியிருந்தும் கொஞ்ச நேரம் எனக்குச் சரிசமமாகத்தான் ஓடினார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வந்தவரைத் தெருவே மாப்பிள்ளை என்று கூப்பிடும், தெருவே கண்காணிக்கும். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஒரு கதை கிளம்பினால் போதும், பெண் வீட்டார் வெளியே தலைகாட்ட முடியாது. என் உம்மா வீடு மருதமுனை. மாமி வீடு கல்முனைக்குடி. இரண்டுக்கும் நடுவில் கல்முனை பஸ் நிலையம். பஸ் நிலையத்துக்கு ஓடுகிறவனும் உம்மாவிடம் ஓடுகிறவனும் ஒரே ரோட்டில்தான் ஓட வேண்டும்.

கல்யாணம் முடிந்து மூன்று கிழமை. புது மாப்பிள்ளைக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. (என் போன் திருத்துகிற கடையைக்கூட மாமா திறக்க விடவில்லை, "ஒரு மாசம் போகட்டும் மருமகன்" என்றுவிட்டார்.) மாமி தருவதைச் சாப்பிடுவேன், படுப்பேன், போனில் அமெரிக்கர்களைப் பார்ப்பேன். காலால் உதைக்காமல் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்தக் கால்பந்துக்காரர்களை. அந்த விளையாட்டின் சட்டம் எனக்கு இன்றைக்கும் விளங்காது. எனக்கு வேண்டியது அதிலே ஓடுகிறவர்கள் மட்டும். யார் ஆக வேகமானவன் என்று உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது. நாற்பது கஜம் ஓடவைத்து நேரம் பிடிப்பார்கள், அதை வைத்து ஒரு கூட்டம் கதைக்கும், இல்லை பந்தோடு ஓடும்போதுதான் பார்க்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம் கதைக்கும். நான் இரண்டாவது கூட்டம்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வீட்டார் எழும்பி நடமாடும் நேரத்தில், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்ப்பேன். எண்பதாயிரம் பேர் எழும்பிக் கத்துவார்கள், ஒரு சத்தமும் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே கடல்தான் கேட்கும். பெரிய உடம்புகள் எல்லாம் இரண்டு பக்கமும் விழ, நடுவில் ஒருவன் மட்டும் வெளியே வருவான். அவனுக்கு முன்னால் வெறும் புல். மைதானத்தின் பெரிய திரையை நிமிர்ந்து பார்ப்பான், தன்னைத் துரத்துகிறவர்களை அதிலே பார்த்தபடியே ஓடுவான். அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் அவன் நான்தான். (அப்போது என் இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலம்.)

என் மனைவி பஸ்மினாவுக்கு அன்று திருகோணமலையில் ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை. பட்டம் முடித்து நாலு வருடம் காத்திருந்து வந்த கடிதம். மூலச் சான்றிதழ் இல்லாமல் வரவேண்டாம் என்று அதில் கோடு போட்டு எழுதியிருந்தது. ஆறு மணி பஸ்ஸில் கூட்டாளியோடு போக வேண்டும். மாமா அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன பிறகு நான் வழமைபோல் கண்ணை மூடினேன்.

"அல்லாஹ்வே, சேட்டிபிக்கட் பைல மேசையில வெச்சிட்டுப் போயிட்டாளே" என்று மாமியின் குரல் கேட்டது.

பஸ்மினாவுக்குப் போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மாமாவின் போன் சார்ஜில், பைலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"ஓட்டோ ஒண்டு புடிங்க மகன்" என்றா மாமி.

ஓட்டோவாம். மூன்று கிழமையாக இதற்காகத்தானே படுத்துக்கிடந்தேன். வெளியே தூறல். பைலை நான் உடுக்கிற சாரன் ஒன்றில் சுற்றி, கையை மடித்து, முழங்கையால் நெஞ்சோடு இறுக்கி, முன்பக்கத்தை விரல்களால் பொத்திப் பிடித்தேன். அமெரிக்காவில் அப்படித்தான் பிடிப்பார்கள். "பதறாதீங்க மாமி, நான் ஓடிக் குடுத்துட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

முதல் இருநூறு அடி என் வாழ்க்கையிலேயே அழகான இருநூறு அடி. கடற்பக்கமிருந்து மெல்லிய வெளிச்சம் வந்தது, ரோடு நனைந்து கிடந்தது, சத்தங்கள் எல்லாம் தூரத்தில் போய்விட்டன. கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் சலாம் சொன்னார்கள். மூச்சு வீணாகும் என்று நான் பதில் சொல்லவில்லை. (சலாத்துக்குப் பதில் சொல்லாத புது மாப்பிள்ளையை அந்தத் தெரு அன்றைக்குத்தான் கண்டது.)

"மாப்பிள்ள, எங்க போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். பிறகு இன்னொரு குரல், "பொட்டணியோட போறாரு. மருதமுனைக்கித்தான். புடிங்க."

தேத்தண்ணிக் கடையிலிருந்து மூன்று பேர் கையை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். ஏன் இறங்குகிறார்கள் என்று யோசிக்கிற ஆள் அந்த நேரம் எனக்குள் இல்லை. அவர்கள் வரத்தானே வேண்டும், கண்ணை மூடினால் தினமும் வருகிறவர்கள்தானே. இடப்பக்கம் தோளைக் காட்டி வலப்பக்கம் போனேன். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பேக்கரிக்காரர் ஒருவர் பாண் கூடையோடு குறுக்கே நின்றார், அவரையும் சுற்றிப் போனேன்.

அப்போது பஸ்மினாவை இறக்கிவிட்டுத் திரும்பிய மாமா எதிரே வந்தார். ரோட்டுக்குக் குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். அந்த இடத்தில் நின்று, "மாமா, இந்த பைல்" என்று கொடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. இந்த யோசனை எனக்கு மத்தியானம்தான் வந்தது. அவரையும் நான் சுற்றிப் போனேன். "மருமகன், நில்லுங்க, கதைச்சித் தீத்துக்கலாம்" என்று கத்திக்கொண்டு அவர் பின்னால் ஓடி வந்தார். அவரை முந்திய கதை இதுதான்.

பஸ் நிலையம் தெரிந்தது. முன்னால் யாரும் இல்லை. ஒரே ஒரு பெண், கறுப்பு அபாயா, முகமும் மூடியிருந்தது, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தாள். என் வாழ்க்கையிலேயே மிக அழகாக வெட்டி விலகியது அவளிடம்தான். காற்றில் அவள் கை வீசிப் போனது. பத்து அடி தாண்டியிருப்பேன், பின்னாலிருந்து ஒரு கை என் சேர்ட்டுக் கொலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது. நனைந்த ரோட்டில் மல்லாந்து விழுந்தேன். பைல் நெஞ்சில் அப்படியே இருந்தது.

"உங்களுக்கு விசரா?" என்றாள் பஸ்மினா. பைல் இல்லை என்று பஸ்ஸில்தான் கண்டாளாம், இறங்கி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாளாம்.

அவள் சாரனை உதறி என் மூஞ்சியில் போட்டாள், பைலை எடுத்தாள், சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தாள், ஓடினாள். அபாயாவை ஒரு சாண் தூக்கிக்கொண்டு, தூறலுக்குள்ளால், ஒரு சத்தமும் இல்லாமல். அவளுடைய கூட்டாளி பஸ் மிதிபலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று பஸ்ஸைப் பிடித்துவைத்திருந்தாள். நான் படுத்தபடியே பார்த்தேன். இத்தனை காலம் பார்த்த அத்தனை பேரிலும் அவள்தான் வேகம். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அழுகிற மாப்பிள்ளையைத்தான் ஊரார் வந்து கண்டார்கள். மாமா மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் குந்தி, என் கையைப் பிடித்தார். "எங்கட பக்கம் பிழை இரிந்தா சொல்லுங்க மருமகன். சனத்துக்கு முன்னால இப்பிடிப் போகாதீங்க." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு அப்போதுதான் நான் செய்தது என்ன என்று உறைத்தது. இருபது பேருக்கு நடுவில், ரோட்டில் உட்கார்ந்து, பைல் கதையைச் சொல்லி, பிறகு அமெரிக்கக் கதையையும் சொல்லி, நம்பவைக்கப் போனில் ஒரு ஓட்டத்தையும் காட்டினேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பள்ளிவாசல் பக்கமிருந்து வந்த ஒரு கிழவர் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு, "இவனுக்கும் மாமி ஊட்டோட கோவமா மனே?" என்று கேட்டார்.

இதற்குள் யாரோ மருதமுனைக்குச் சொல்லிவிட்டார்கள். உம்மா மாமி வீட்டுக்கே ஓட்டோவில் வந்து இறங்கி, நான் சொன்னதை எல்லாம் கேட்டு, மாமியிடம் மன்னிப்புக் கேட்டா. என்னிடம் மூன்று நாள் கதைக்கவில்லை.

பஸ்மினாவுக்கு நியமனம் வந்தது. பொத்துவிலுக்கும் அங்கால் ஒரு பாடசாலை. தினமும் போய்வர முடியாத தூரம். போன் எங்கேயும்தான் உடைகிறது, ஆகவே நானும் அவளோடு போவதென்று முடிவு. மூன்று கிழமையிலேயே ஓடிப்போகிறேன் என்று தெரு பயந்த மாப்பிள்ளை நான், கல்யாணமாகி எட்டாம் மாதம் பெட்டி, பாய், தலையணையோடு உண்மையாகவே மாமி வீட்டை விட்டுப் போனேன். அந்தப் பைலைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருந்திருந்தால் அங்கேயே இருந்திருப்போம். மாமா கேட் வாசல் வரைக்கும் வந்தார், பஸ்மினாவின் தலையைத் தடவினார், என்னைப் பார்த்தார்.

"ஆறுதலா நடந்து போங்க மருமகன்" என்றார்.

இப்போதும் லீவுக்கு வந்துவிட்டுப் புறப்படும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறார். மாமி சிரிப்பா, பஸ்மினா சிரிப்பாள், மகளும் என்னவென்று தெரியாமலே சிரிப்பாள். மாமா மட்டும் சிரிக்கமாட்டார், கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நானும் தெருமுனை வரும்வரை மெதுவாகத்தான் நடக்கிறேன்.