ராஜகோபாலனின் மிச்ச வருஷங்கள்

“நாலே வருஷமாம்!”

குரோம்பேட்டை கிளினிக்கிலிருந்து வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ராஜகோபாலனின் போனுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு மிச்சம் எத்தனை வருஷம் என்று சொல்லும் கிளினிக் ஆப். காலையில் அதற்காக நர்ஸ் பரிதா கேள்வி கேட்க, எங்கே போனாலும் தானே பேசிப் பழகிய ராஜகோபாலன் பதில் சொன்னார்.

“சமைக்க முடியுமா சார்?”

“சுத்தமா முடியாது.”

“கடைக்குப் போக?”

“பழக்கமே இல்லை.”

“குளிக்க?”

“வெந்நீர், துண்டு எல்லாம் எடுத்து வெச்சாகணும்.”

மனைவி அபிதகுஜாம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ சும்மா இரு, நான் பேசிண்டிருக்கேனோல்லியோ?” என்று அடக்கிவிட்டார்.

இப்போதும், “ஏன்னா, அந்த ரிசல்ட்டு…” என்று ஆரம்பித்தாள்.

“பேசாதே! இனிமே நான் உட்கார்ந்தா செத்தேன்!”

மறுநாள் பையோடு மார்க்கெட் போனவர், கீரைக்காரம்மா முன்னால் வழுக்கி விழுந்தார். ‘சமீபத்தில் விழுந்தீர்களா?’ என்றது ஆப். பொய் சொல்ல மனசு வரவில்லை. நாலு வருஷம் மூன்றாகக் குறைந்தது.

சமையலில் இறங்கினார். அவர் வைத்த ரசத்தை அவராலேயே சாப்பிட முடியவில்லை, இளைத்துவிட்டார். ‘எடை குறைந்ததா?’ இரண்டு வருஷம்.

அபிதகுஜாம்பாள் அவருடைய ஈஸிசேரில் காலை நீட்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குக் கவலையே இல்லையாடி?”

“நடக்கறது நடக்கட்டும். துவையலுக்கு உப்பு போட்டேளா?”

‘அடிக்கடி கவலைப்படுகிறீர்களா?’ என்றது ஆப். உன்னைப் பார்த்தாலே கவலைதான் என்று ‘ஆம்’ தட்டினார். ஒரு வருஷம்!

வேட்டியில் மஞ்சள் கறையோடு கிளினிக்குக்கு ஓடினார். அபிதகுஜாம்பாள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் படியேறினாள்.

“அம்மா பரிதா, ஒரே வருஷம்! இப்பத்தான் சாம்பார் வைக்கக் கத்துண்டிருக்கேன். நான் போயிட்டா இவளை யார் பாத்துப்பா?”

அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பரிதா ஃபைலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“மேடத்தோட முட்டி ஆபரேஷனுக்காகத்தானே சார் அந்தக் கேள்வியெல்லாம் கேட்டேன்? நீங்க யாரைப் பத்தி பதில் சொன்னீங்க?”