புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

ரூவி, மஸ்கட்
12.10.2003

அன்புள்ள தம்பி முரளிதரனுக்கு,

அக்கா தாமரை எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். துப்பாக்கியும் சௌக்கியம். அங்கே நீயும் சம்யுக்தாவும் துப்பாக்கி இல்லாமலேயே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனிமேலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஹமூத் முழங்கால் ஆபரேஷனுக்குச் சென்னை வந்தபோது, மூன்று வாரம் அவரை உன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, கைத்தாங்கலாகப் பிடித்து நடக்கவும் பழக்கினாயே, அதற்கு என்ன நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் அவர் குணமாகிக் கிளம்பியதும் உனக்கு நோய் வந்துவிட்டது போலிருக்கிறது. எங்கள் நாட்டில் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி உண்டு என்று அவர் சொன்னாராம். நங்கநல்லூரில் பக்கத்துத் தெருவில் மோட்டார் பம்பு திருடு போனதாம். இரண்டையும் கூட்டிப் பார்த்துத் தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாயாம். "நீ சரித்திரம் படித்தவள், உன் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டிருக்கிறாய். என் அபிப்பிராயம், வேண்டாம். காரணம் கேட்பாய். அது ஒரு துப்பாக்கியோடு நான் ஆறு வாரம் குடித்தனம் செய்த கதை.

ஹமூத் சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், சால்வையில் சுற்றிய நீளமான எதையோ குழந்தையைத் தூக்குவதுபோல ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தார். அவருடைய தாத்தாவின் மார்ட்டினி துப்பாக்கி. நான் இதற்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் சால்வையை விலக்கியபோது கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் விக்டோரியா ராணியின் கிரீடம், கீழே 1886 என்று வருஷம். இங்கிலாந்தில் செய்து, யார் யார் கையிலோ மாறி, மஸ்கட்டில் வந்து இறங்கியது. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் துறைமுகமே துப்பாக்கிச் சந்தையாக இருந்தது என்று எம்.ஏ.வில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அந்தச் சரக்கில் ஒன்று என் சாப்பாட்டு மேஜையில் வந்து படுக்கும் என்று நினைக்கவில்லை. அடியில் ஒரு நெம்புகோல், அதை இழுத்து ஒரே ஒரு தோட்டா போடலாம், அவ்வளவுதான். சிப்பாயின் சாதாத் துப்பாக்கியை வாங்கி, இந்த ஊர்த் தட்டான்கள் அதன் மரத்தில் வளையல் வளையலாக வெள்ளிப் பட்டை பூட்டி மாப்பிள்ளையாக்கி விட்டிருந்தார்கள். "தோட்டா மாஃபி, கிடையாது, பயப்படாதே பஹன்," என்றார் ஹமூத். "என் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் நிஸ்வா சந்தையில் சுற்றுலா வந்த ஜெர்மன்காரனுக்கு விற்றுவிடுவார்கள். என் காலை உன் தம்பி பார்த்துக்கொள்கிறான், இதை நீ பார்த்துக்கொள்."

இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன். கல்யாணத்திலும் ஈத் பெருநாளிலும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடுவார்கள், சுழற்றி மேலே எறிந்து பிடிப்பார்கள். கோபத்தோடு ஒருவர் அதைத் தூக்கி நான் பார்த்ததில்லை. நம் ஊரில் அங்கவஸ்திரம் மாதிரி, பெரிய மனிதர் வெளியே கிளம்பினால் அது தோளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விருந்துக்குப் போனால் வாசலிலேயே வீட்டுக்காரர் இரண்டு கையாலும் அதை வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார். கிளம்பும்போது அவரே எடுத்துக் கொடுப்பார். என் வீட்டில் இருக்கும்வரை உன் உயிருக்கு நான் பொறுப்பு என்று அர்த்தமாம். "கோபம் வந்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் அது அவனுக்குத்தான் அவமானம்," என்றார் ஹமூத். நான் சரித்திரம் படித்த இரண்டு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனி உன் அத்தான் கதை. நாலடிக்கு மேல் நீளம், பீரோவில் நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்தால் தூசி என்றார். கடைசியில் சாமி அலமாரி ஓரத்தில் நிறுத்தினார், அங்கேதான் நான் அடிக்கடி ஒதுங்க வைக்க மாட்டேனாம். இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டு அம்மையப்பன் வந்து, மாடிப்படியில் வைத்திருந்த அவருடைய கேஸ் சிலிண்டரைக் காணோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், உன் அத்தான் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், மடியில் துப்பாக்கி.

"என்னங்க இது?"

"காவல். துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குத் திருடன் வர மாட்டான்."

"அதுல தோட்டாவே இல்லியே."

"அது திருடனுக்குத் தெரியாதுல்ல?"

"துப்பாக்கி இருக்குறதே அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே கதவத் திறந்து வச்சிருக்கேன்."

முரளி, நான் மிகைப்படுத்தவில்லை. கதவு நன்றாகத் திறந்து கிடந்தது. கதவுக்குப் பூட்டு போடாததற்கு ஒரு துப்பாக்கியைக் காரணம் சொன்ன மனிதரை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிலிண்டரை கேஸ்காரரே நிரப்புவதற்கு எடுத்துப் போயிருக்கிறார் என்பது நாலு நாள் கழித்துத் தெரிந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு டம்ளரும் இரண்டு டிபன் தட்டும்தான் காணாமல் போயிருந்தன, அம்மையப்பன் மகள் பாயசத்துக்கு இரவல் வாங்கிப் போனவை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. இத்தனை வருஷமாக நாங்கள் ஆயுதம் என்று வைத்துக் கும்பிட்டதெல்லாம் கார் சாவி, மிக்ஸி, என் பேனா, உன் அத்தானின் கால்குலேட்டர். "முதல் தடவையா நிஜ ஆயுதம் அமைஞ்சிருக்கு, சும்மா விடலாமா?" என்றார். நான் தலையிலடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அந்த நூற்றுப் பதினேழு வயசுத் துப்பாக்கிக்கு மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் கதம்ப மாலை, குழல் வாயில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் மிக்ஸி. இன்னொருத்தர் பொருள், அதுவும் உருவ வழிபாடே கூடாது என்கிறவர் பொருள் என்று நான் கத்தினேன். அடுத்த வாரம் அவர் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது? வெள்ளிப் பட்டையில் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டு துணிக்கு வரவில்லை.

இங்கேதான் நான் தவறு செய்தேன். உன் அத்தான் இல்லை, நான்தான். நம் வீட்டு வெள்ளிச் சாமானுக்குச் செய்வதைத்தான் செய்தேன். புளியைக் கரைத்து, பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டு, பால்கனியில் உட்கார்ந்து தேய்த்தேன். சந்தனம் போயிற்று. கூடவே பட்டையில் இருந்த கறுப்பும் போயிற்று. பளபளவென்று, பொங்கலுக்குத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி இருந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

உன் அத்தான் முகம் வெளுத்தது. "அந்தக் கறுப்பையா தேய்ச்ச?"

"ஏன்?"

"அவர் அப்பா நாப்பது வருஷம் பிடிச்ச எடமாம், கை பட்டுப் பட்டுக் கறுத்ததாம். ஒரு துளி எண்ணெய்கூடப் படாம வச்சிருந்தாராம்."

"உங்ககிட்ட எப்போ சொன்னார்?"

"குடுத்த அன்னிக்கே, படியிறங்கும்போது."

"அத எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"நீ தேய்ப்பேன்னு யாருக்குத் தெரியும்?"

ஒரு கல்லூரிக் கருத்தரங்கில், பழம்பொருட்களைக் கழுவிக் கெடுக்கும் அருங்காட்சியகங்களைப் பற்றி இதே நான் பத்து நிமிஷம் பேசியிருக்கிறேன். அந்த மனிதர் பிள்ளைகளை நம்பாமல் என்னை நம்பிக் கொடுத்தது அந்தக் கறுப்பைத்தான். வெள்ளியை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

சென்னையிலிருந்து திரும்பியதும் ஹமூத் வியாழக்கிழமை கைத்தடியோடு வந்தார். சால்வையை விலக்கினார். கட்டைவிரலை அந்தப் பட்டையில் வைத்து மெதுவாகத் தேய்த்தார். நெம்புகோல் இடுக்கில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்ததையும் பார்த்துவிட்டார். "இது ரத்தமா?" உன் அத்தான் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். வருஷத்தில் ஒரு நாள் எங்களுக்குச் சோறு போடும் பொருள்களுக்கு ஓய்வு கொடுத்துக் கும்பிடுவோம், உங்களுடையதையும் சேர்த்துவிட்டோம், பிறகு உங்கள் அப்பாவின் கையை நான் புளி போட்டுக் கழுவிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

அவர் நகத்தால் அந்தக் குங்குமத்தைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "மிக்ஸியையும் கும்பிட்டீர்களா?" என்றார்.

"ஆமாம்."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் பிள்ளைகள் இருபது வருஷத்தில் இதன் தூசியைக்கூடத் தட்டியதில்லை. நீ குளிப்பாட்டியிருக்கிறாய். அப்பாவின் கறுப்பு கலாஸ், போய்விட்டது. இனி என் கை கறுக்க வேண்டும். எனக்குத்தான் அவ்வளவு வருஷம் இல்லை." அந்தப் பட்டையிலேயே கையைப் பதித்தபடி படியிறங்கிப் போனார்.

ஆகவே முரளி, இவர்களைப் பார்த்து நீ ஆசைப்படுவதில் தப்பில்லை, எனக்கே மரியாதைதான் வருகிறது. ஆனால் அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது அப்பாவின் கைக்காக. நீ கேட்பது மோட்டார் பம்புக்காக. பம்புக்கு ஒரு கிரில் கதவும் நல்ல பூட்டும் போதும். விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடு. உன் அத்தானைப் போலக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதே.

சம்யுக்தாவுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நெடுநாள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா
தாமரை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஹமூத் மறுபடி மாடியேறி வந்தார். ஜனவரியில் இன்னொரு முழங்காலுக்கும் ஆபரேஷனாம், உன் வீட்டுக்குத்தான் வருகிறார். போன தடவை வெறுங்கையோடு வந்துவிட்டாராம், வாசலில் வாங்கி மாட்ட உனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதாம், விருந்தாளியாக அது தனக்குப் பெரிய குறையாம். இந்தத் தடவை துப்பாக்கியோடு வருகிறார். கஸ்டம்ஸ் பற்றி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "கால் வந்தால் அதுவும் வரும்," என்கிறார். விண்ணப்பத்தைக் கிழித்திருந்தால் நாளைக்கே வேறு வாங்கி, எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டுமோ பார்த்து எழுதிப் போடு. ஹாலில் உறுதியாக ஓர் ஆணி அடி. அவர் நீட்டும்போது இரண்டு கையாலும் வாங்கு. சம்யுக்தாவிடம் சொல்லிப் புளியை மட்டும் எட்டாத இடத்தில் வை.